ஈராண்டுப் பட்டமும் அதன் ஐந்தொகையும்

கல்வியைக் காசினால் அளக்கலாமோ என்று வினவுவோர் நம்மிடையே உளர். அளக்கத்தகாத கல்வியும் உண்டு. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், ஓர் உத்தியோகத்தைச் சுட்டிக்காட்டி, அதற்கு வழி இதுவே என்று கூறி, இத்தனை ஆயிரம் டொலர் கட்டுக என்று கேட்டு நிற்கும் படிப்பு வேறு வகையானது. அது தானாகவே சந்தைக்கு வந்து அமர்ந்துகொண்ட படிப்பு. அதனை வாங்க வருவோர் தராசை எடுத்து நிறுத்துப் பார்ப்பதிற் குற்றம் இல்லை, பாராதிருப்பதே குற்றம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'அசோசியேட் டிகிரி' என்று வழங்கும் ஈராண்டுப் பட்டங்களுள் மருத்துவ நிர்வாகப் பட்டமும் ஒன்று. அந்நாட்டிற் குடியேறிய நம்மவர் பிள்ளைகளும், இங்கிருந்தே அங்கு சென்று கற்க எண்ணுவோரும் இதனைப் பற்றி அடிக்கடி வினவுவதால், இதன் செலவையும் வரவையும் நேயர்களுடன் சேர்ந்து கணக்கிட்டுப் பார்க்க விரும்புகின்றேன்.

முதலில் இப்பட்டம் எத்தகையது என்பதை அறிந்துகொள்வோம். அமெரிக்காவிற் பாடசாலைக் கல்வியை முடித்தவர், நான்காண்டு பயின்று பெறும் இளமாணிப் பட்டத்திற்குச் செல்லாமல், அதிற் பாதியளவான ஈராண்டுக் கல்வியுடன் தொழிலுக்குப் போகலாம். அறுபது 'கிரெடிட்' அளவுள்ள பாடங்களைக் கற்றால் இப்பட்டம் கிடைக்கும். இதனைப் பெரும்பாலும் வழங்குவன சமுதாயக் கல்லூரிகள். இலினோய் மாநிலத்தில் 1901ஆம் ஆண்டில் யோலியற் நகரிலே தொடங்கிய ஈராண்டுக் கல்லூரியே இவ்வகைப் பொதுக் கல்லூரிகளுக்கு முன்னோடி. மருத்துவ நிர்வாகம் கற்கும் மாணவர் மருத்துவச் சொற்கள், உடலமைப்பு, நோயாளர் பதிவேடுகள், காப்புறுதிக் கோரிக்கைகள், நோய்க் குறியீடு, அலுவலகக் கணக்கு ஆகியவற்றைப் பயில்வர். இவற்றோடு ஆங்கிலம், கணிதம், உளவியல் முதலிய பொதுப் பாடங்களும் உண்டு. இப்பொதுப் பாடங்கள் வீண் என்று பலர் முணுமுணுப்பர். அவை வீணா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இத்தொழிலுக்கு ஏன் இத்தனை ஆட்கள் வேண்டும்? நமது அரசாங்க வைத்தியசாலையிற் சீட்டெடுத்து வரிசையில் நின்று வைத்தியரைக் கண்டு திரும்பும் நமக்கு இது எளிதில் விளங்காது. அங்கே நோயாளி ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே ஒரு கணக்கும் உடன் வருகின்றது. அவருடைய காப்புறுதி எந்தக் கம்பனியினது, அது இன்றும் செல்லுபடியாகின்றதா, இந்தச் சிகிச்சைக்கு அக்கம்பனி முன்னரே அனுமதி தந்ததா, நோயாளி தம் கையாற் கொடுக்க வேண்டிய பங்கு எவ்வளவு என்பவற்றை முன்மேசையில் இருப்பவர் விசாரித்தறிய வேண்டும். வைத்தியர் எழுதிய குறிப்பை மற்றொருவர் குறியீடுகளாக மாற்றுவார். 2015ஆம் ஆண்டு ஒற்றோபர் முதலாந் தேதி தொடக்கம் அந்நாட்டில் வழங்கிவரும் ஐ.சி.டி.-10 என்னும் நோய்க் குறியீட்டுத் தொகுதியில் எழுபதினாயிரத்துக்கு அண்மிய குறியீடுகள் உள்ளன. அதற்கு முன் வழங்கிய தொகுதியில் ஏறத்தாழப் பதினாலாயிரமே இருந்தன. இடக்கை முறிந்ததா வலக்கை முறிந்ததா, நோயாளி முதன்முறை வந்தாரா மறுமுறை வந்தாரா என்பவற்றுக்கெல்லாம் தனித்தனி எண் உண்டு. எண் பிழைத்தாற் கோரிக்கை திரும்பி வரும். திரும்பி வந்ததைத் திருத்தி அனுப்ப இன்னொருவர் வேண்டும். முதியோருக்கான 'மெடிக்கேர்' அரசாங்கக் காப்புறுதிக்குரிய கோரிக்கை, சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போய்ச் சேராவிட்டால், விதிவிலக்கான சில நிலைகளைத் தவிர, பணம் கிடையாது.

2023ஆம் ஆண்டில் அந்நாடு சுகாதாரத்திற்கென 4.9 இலட்சம் கோடி டொலர் செலவிட்டது; நாட்டின் மொத்த உற்பத்தியில் இது 17.6 வீதம். இப்பணம் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும் வழியெங்கும் எழுதுவினைஞர் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, இத்துறையில் வேலை உண்டு என்று விளம்பரங்கள் கூறுவது பொய்யன்று. அவ்வேலைக்கு இப்பட்டம் எவ்வளவு வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பவையே நம் வினாக்கள்.

விளம்பரங்கள் வழக்கமாகக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகம் 2023ஆம் ஆண்டுக்குத் தந்த தரவின்படி, பாடசாலைக் கல்வியோடு நின்றவரின் வாரச் சம்பளம் 899 டொலர். ஈராண்டுப் பட்டம் பெற்றவருக்கு 1,058 டொலர். இவை இடையம் எனப்படும் அளவுகள். அஃதாவது பாதிப்பேர் இதற்குக் குறைவாகவும் பாதிப்பேர் இதற்கு மேலாகவும் பெற்றனர். வேறுபாடு வாரத்துக்கு 159 டொலர். ஆண்டுக்கு எண்ணாயிரத்துக்கு மேல். நாற்பது ஆண்டு உழைத்தால் மூன்று இலட்சத்தைத் தாண்டும்! யாருக்குத்தான் நாவூறாது?

ஆனால் அந்த 1,058 டொலருக்குள் எவரெவர் அடங்கியுள்ளனர்? ஈராண்டுப் பட்டத்தோடு பதிவுபெற்ற தாதியரானோர் அதில் உளர். அத்தொழிலில் 2023ஆம் ஆண்டின் இடையச் சம்பளம் 86,070 டொலர். பற்சுகாதாரப் பணியாளரும் உளர். அவர்களுக்கு 87,530 டொலர். மருத்துவச் செயலாளர், நிர்வாக உதவியாளர் என்னும் பிரிவினர்க்கோ அதே ஆண்டில் 40,640 டொலரே. ஒரே நீளமுள்ள படிப்பு. சம்பளம் பாதிக்கும் குறைவு. தாதி தொழில் புரிவதற்குச் சட்டப்படியான அனுமதி வேண்டும். அனுமதிக்குப் படிப்பு வேண்டும். முன்மேசையில் அமர்வதற்கோ அத்தகைய சட்டம் யாதும் இல்லை. மருத்துவச் செயலாளர் வேலையிற் சேர வழக்கமாக வேண்டப்படுவது பாடசாலைக் கல்வியே என்று அப்பணியகமே குறித்துள்ளது. வேலியில்லாத தோட்டத்துக்கு வாசற்கட்டணம் கொடுப்பதா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

இனிச் செலவுக்கு வருவோம். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் சம்பள எண்கள் கணக்கின்பொருட்டு நான் கொண்டவை. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கடையொன்றில் மணிக்குப் பதினைந்து டொலருக்கு வேலை செய்கின்றாள். அவளுக்கு ஒரு குழந்தையும் உண்டு. வாரம் நாற்பது மணித்தியாலம் உழைத்தால் ஆண்டு வருமானம் 31,200 டொலர். தன் ஊர்ச் சமுதாயக் கல்லூரியிற் சேர்கின்றாள். உள்ளூரவர்க்குரிய கற்பித்தற் கட்டணம் அண்மைய ஆண்டுகளில் நாடளாவிய சராசரியில் ஏறத்தாழ நாலாயிரம் டொலர். புத்தகம் முதலியவற்றுக்கு ஆண்டுக்கு ஓராயிரம் வைப்போம். இரண்டு ஆண்டுக்கும் பதினாயிரம் டொலர். கல்லூரியின் செலவுப் பட்டியல் இத்துடன் முடிந்துவிடும். அவளுடைய செலவு முடியவில்லை. பகல் முழுவதும் படிப்பதற்காக அவள் வேலையைப் பாதியாகக் குறைத்தாளாயின், ஆண்டுக்கு 15,600 டொலர் வீதம் ஈராண்டில் 31,200 டொலர் சம்பளத்தை இழக்கின்றாள். அச்சிட்ட செலவிலும் அச்சிடாத செலவு மும்மடங்கு! ஆக மொத்தம் 41,200 டொலர்.

பட்டம் பெற்றதும் அவளுக்கு 40,640 டொலர் கிடைக்குமா? கிடைப்பது அரிது. அந்த எண்ணுக்குள் இருபது ஆண்டு அனுபவமுள்ளோரும் அடங்குவர். புதியவளுக்கு 36,000 என்று கொள்வோம். கடைச் சம்பளத்தினும் 4,800 டொலர் கூடுதல். 41,200 டொலரை மீட்க எட்டரை ஆண்டு செல்லும். வருமான வரியைக் கழித்தால் இன்னும் நீளும்.

இதே பெண் கடை வேலையை விடாமல் மாலை வகுப்பிற் சேர்ந்து, நான்கு ஆண்டுகளில் மெல்ல முடித்தாள் என்று கொள்வோம். சம்பள இழப்பு இல்லை. கட்டணமும் புத்தகமும் பதினாயிரம். ஈராண்டு பிந்தி உயர்ந்த சம்பளத்துக்கு வருவதால் தவறவிட்டது 9,600. மொத்தம் 19,600, நான்கு ஆண்டில் மீண்டுவிடும். அதே கல்லூரி, அதே பட்டம். காலவட்டம் பாதியாகச் சுருங்கிவிட்டது. குழந்தையை வைத்துக்கொண்டு நான்காண்டு மாலைதோறும் படிப்பது எத்துணை கடினம் என்பதை இக்கணக்கு சொல்லாது. அதை அவளே அறிவாள்.

அவள் வருமானம் குறைந்தவளாதலின், 'பெல்' உதவிநிதிக்கும் உரியவளாகலாம். 1972ஆம் ஆண்டிற் சட்டமாகிப் பின்னர் செனற்றர் கிளெய்போர்ண் பெல்லின் பெயரைப் பெற்ற இந்நிதி, திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். 2024–25ஆம் கல்வியாண்டில் இதன் உச்ச அளவு 7,395 டொலர். சமுதாயக் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அடைத்து, பேருந்துக்கும் புத்தகத்துக்கும் மிச்சம் வைக்க இது போதும். டெனெசி மாநிலம் 2014இல் இயற்றிய சட்டத்தினாற் பாடசாலையை முடித்து வரும் இளைஞர்க்கு ஈராண்டுக் கல்விக் கட்டணம் வேண்டாதபடி செய்தது. வேறு பல மாநிலங்களும் அவ்வழி சென்றுள்ளன. ஆகவே, விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் சில மணித்தியாலங்களே இப்படிப்பில் மிகுந்த ஊதியம் தரும் மணித்தியாலங்கள் எனலாம்.

மற்றொரு வகைக் கல்லூரியும் உண்டு. இலாபம் கருதி நடத்தப்படுவன அவை. பளபளக்கும் விளம்பரம், விசாரித்த அன்றே சேர்க்கை, வீட்டிலிருந்தே படிக்கும் வசதி என்பன அவற்றின் கவர்ச்சி. கட்டணமோ சமுதாயக் கல்லூரியினும் பன்மடங்கு. பணத்துக்குக் கவலை வேண்டா, கடன் இருக்கின்றது என்பர். பெற்றோரைச் சாராத மாணவர், மத்திய அரசாங்கத்தின் மாணவர் கடன் திட்டத்தில் முதலாம் ஆண்டு 9,500, இரண்டாம் ஆண்டு 10,500 டொலர் வரை பெற்றுவந்துள்ளனர். இருபதினாயிரத்தையும் வாங்கி, நூற்றுக்கு ஆறு வட்டியிற் பத்து ஆண்டில் அடைப்பதாயின் மாதம் 222 டொலர்; மொத்தம் 26,600க்கு மேல். நம் உதாரணப் பெண்ணின் ஆண்டு உயர்வு 4,800 டொலர், மாதத்துக்கு 400. அதிற் பாதிக்கு மேற்பட்டதைப் பத்தாண்டு காலம் கடன்காரர் கொண்டு செல்வர். கொறிந்தியன் கல்லூரிகள் என்னும் பெருநிறுவனம் மருத்துவ அலுவலகப் படிப்புகளை நாடெங்கும் விற்றுவந்தது; 2015ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. தொழில் பெற்றோர் தொகையை மிகைப்படுத்திக் கூறியது என்பது அதன்மீது நிலைநாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் அங்கு பயின்ற ஐந்து இலட்சத்து அறுபதினாயிரம் பேரின் 580 கோடி டொலர்க் கடனை இரத்துச் செய்தது. ஏழாண்டு கழித்து வந்த அந்த நீதி பணத்தைத் திருப்பியது, காலத்தைத் திருப்பவில்லை.

இதுவரை கூறியவற்றால் இப்பட்டம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நேயர்கள் கொள்ளலாகாது. நான் சொல்வது வேறு. பட்டத்தைக் கடைவேலையோடு மட்டும் ஒப்பிட்டால் ஒரு விடை வரும். நேரே முன்மேசைக்குச் செல்வதோடு ஒப்பிட்டால் வேறொரு விடை வரும். அதே பெண்ணை ஒரு வைத்தியர் பட்டமின்றியே 33,000 டொலருக்குச் சேர்த்துக்கொள்ள இசைந்தார் என்று வைப்போம். இப்போது முழுநேரப் படிப்பால் அவள் இழப்பது இன்னும் அதிகம். பெறும் உயர்வோ மூவாயிரம் மட்டுமே. கணக்கிட்டால் முதலை மீட்கப் பதினான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். நாற்பது வயதில் வந்து சேரும் இலாபத்தை இருபத்தைந்து வயதில் எண்ணி மகிழ்வது எங்ஙனம்?

ஆதலின், என் கருத்திற் சிறந்த வழி, வாசலைக் கடந்து உள்ளே போனபின் படிப்பது. அமெரிக்க வரிச் சட்டம் நெடுங்காலமாகவே, தொழிலாளியின் கல்விக்காக முதலாளி ஆண்டுக்கு 5,250 டொலர் வரை கொடுப்பதை அத்தொழிலாளியின் வருமானமாகக் கணக்கிடாமல் விட்டுவந்துள்ளது. பெரிய வைத்தியசாலைகள் பல இவ்வுதவியை வழங்குகின்றன. சமுதாயக் கல்லூரியின் ஓராண்டுச் செலவுக்கு அது போதியது. முதலிற் பதிவு மேசையில் ஓரிடம்; பின்னர் வைத்தியசாலைப் பணத்தில் மாலைப் படிப்பு. இவ்வழியிற் செலவுப் பக்கத்தில் எழுதுவதற்கு உறக்கத்தைத் தவிர வேறொன்றும் இராது.

பட்டம் தன் பெறுமதியைக் காட்டுவது இரண்டு இடங்களில். ஒன்று, அதுவே திறவுகோலாக அமையும் பரீட்சை. சுகாதாரப் பதிவேட்டுத் தொழில்நுட்பவியலாளர் என்னும் ஆர்.எச்.ஐ.டி. தகைமைப் பரீட்சைக்கு, அங்கீகாரம் பெற்ற சுகாதாரத் தகவல் முகாமைத்துவ ஈராண்டுப் பட்டமே வழக்கமான நுழைவாயில். மருத்துவப் பதிவேட்டு வல்லுநர் பிரிவின் இடையச் சம்பளம் 2023இல் 48,780 டொலர். முன்மேசையினும் எண்ணாயிரம் அதிகம். ஆனால் ஈண்டு ஒரு கண்ணி உண்டு. 'மருத்துவ நிர்வாகம்', 'மருத்துவ அலுவலகம்', 'சுகாதாரத் தகவல் முகாமைத்துவம்' என்று பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பினும், அங்கீகாரம் பெற்ற கடைசிப் பட்டமே அப்பரீட்சைக்குச் செல்லும். பெயரைப் பார்த்துச் சேர்ந்து ஈராண்டு கழித்துப் பிழையை அறிவோர் உண்டு. நோய்க் குறியீட்டாளருக்கான சி.பி.சி. பரீட்சைக்கோ பட்டமே தேவையில்லை, அனுபவமில்லாதவர் சித்தியெய்தினால் 'அப்பிரெண்டிஸ்' என்பதைக் குறிக்கும் ஓரெழுத்து, சில காலம் அவர் தகைமையின் பின்னே ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. குறியீடு மட்டும் பழக விரும்புவோர்க்கு ஓராண்டுச் சான்றிதழ் போதும். இரண்டாம் ஆண்டு அவர்க்கு மிகை.

மற்றையது, மேலே ஏறும் படி. மருத்துவ, சுகாதாரச் சேவை முகாமையாளரின் இடையச் சம்பளம் 2023இல் 110,680 டொலர். இந்த எண்ணை ஈராண்டுப் பட்டத்தின் விளம்பரத்தருகே அச்சிட்டிருப்பதைக் காணலாம். அவ்வேலைக்கு வழக்கமாக வேண்டப்படுவது நான்காண்டு இளமாணிப் பட்டமும் அனுபவமும் என்பது அருகிலே சிறிய எழுத்தில் இருக்கும். சிலவேளை அதுவும் இராது. ஆயினும் ஈராண்டுப் பட்டம் அப்படியின் முதற் பாதியாகக்கூடும். முன்னே நாம் விட்டு வந்த பொதுப் பாடங்கள் பயன்படுவது இங்கேதான். ஆங்கிலத்தையும் கணிதத்தையும் மாநிலப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும். முன்மேசைப் பயிற்சிப் பாடங்களைப் பெரும்பாலும் ஏற்காது. 'பிரயோக விஞ்ஞானம்' என்னும் அடைமொழியோடு வரும் ஈராண்டுப் பட்டம் தொழிலுக்கென வகுக்கப்பட்டது. கலை அல்லது விஞ்ஞானம் என்று மட்டும் பெயர்பெற்றது மேற்படிப்புக்கென வகுக்கப்பட்டது. ஒரு சொல்லின் வேறுபாட்டால் ஓராண்டுப் படிப்பு மீண்டும் தலையிலே விழலாம். எப்பாடங்கள் செல்லும் என்பதைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்லூரி விற்பனையாளர் வாய்மொழியை நம்பலாகாது.

இத்தனை கணக்கும், தொடங்கியவர் முடிப்பார் என்ற எண்ணத்தின்மேல் நிற்கின்றது. பொதுச் சமுதாயக் கல்லூரிகளில் முதன்முறை முழுநேரமாகச் சேர்வோருள் மூன்று ஆண்டுக்குள் அங்கேயே முடிப்பவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. வேறு கல்லூரிக்கு மாறிச் செல்வோர் சிலர். ஏனையோர் இடையில் நிற்பர். அவர்களிற் பலரை நிறுத்துவது அறிவின் குறைவன்று. பழுதான கார், குழந்தையின் காய்ச்சல், மாறிப்போன வேலை நேரம். அரைவழியில் நின்றவர்க்குச் செலவு முழுதும் உண்டு, வரவு இல்லை. கடன் வாங்கியிருந்தால் அதுவும் உண்டு. ஆகவே, முதலாண்டின் முடிவிலேயே ஒரு சான்றிதழ் தரும் கல்லூரி, ஈராண்டின் முடிவில் மாத்திரம் தரும் கல்லூரியினும் மேலானது என்பேன். இடையில் இறங்க நேர்ந்தாலும் கையில் ஒரு சீட்டு இருக்கும்.

இலங்கையிலிருந்து மாணவர் விசாவிற் செல்ல எண்ணுவோர்க்கோ இவ்வைந்தொகை முற்றும் மாறிவிடும். உள்ளூர்க் கட்டணம் அவர்க்கில்லை. பன்மடங்கு கொடுக்க வேண்டும். பெல் உதவிநிதியும் மத்திய அரசாங்கக் கடனும் அவர்க்கில்லை. படிக்கும் தவணையிற் கல்லூரி வளாகத்துள் வாரத்துக்கு இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய விதி இடங்கொடுக்காது. படிப்பு முடிந்தபின் துறைசார்ந்த பயிற்சித் தொழிலுக்கு ஓராண்டு வரை அனுமதி பெறலாம். அதற்கப்பால் வேலையில் நிலைக்க நாடப்படும் எச்-1பி விசா, குறைந்தது நான்காண்டுப் பட்டம் வேண்டும் தொழில்களுக்கே உரியது, முன்மேசை அத்தகையதன்று. பன்மடங்கு கட்டணம் கொடுத்து, ஓராண்டுச் சம்பளத்தைப் பெற்றுத் திரும்பும் கணக்கு இது. அந்நாட்டிற் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உடைய உறவினர் மகளுக்கு எட்டு ஆண்டில் மீளும் பணம், இங்கிருந்து செல்லும் அவளுடைய மைத்துனிக்கு மீளவே மீளாது.